காய்ச்சல் நீங்கியும் நீங்காத இருமல்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சென்னையில் குழந்தை மருத்துவர்களின் வாயில்களில் கூட்டம் பெருகிவிடும். மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு என எப்பகுதிக்குச் சென்று பார்த்தாலும் மாலை வேளைகளில் இக்காட்சியைக் காணலாம். காத்திருப்போருள் ஒரு சாரார், காய்ச்சலால் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக் கொண்டிருப்பவர்கள். மற்றொரு சாரார், காய்ச்சல் நீங்கிப் பத்து நாள் ஆன குழந்தையை அழைத்து வந்திருப்பவர்கள். இக்குழந்தை அங்கேயே ஓடியாடி விளையாடும், நடுவில் நின்று முகம் சிவக்க இருமும், மீண்டும் ஓடும். ஆயினும், கவலை மிகுதியாகத் தென்படுவது இக்குழந்தையின் வீட்டாரிடமே. காய்ச்சலுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று ஒரு கணக்கை நாம் அனைவரும் மனத்தில் வைத்திருக்கிறோம். இருமலுக்கு அப்படியொரு கணக்கு நம்மிடம் இல்லை. ஒரு வாரம் கடந்ததுமே ஏதோ பெருங்கோளாறு என்று எண்ணி மருந்துக் கடைக்கு விரைகிறோம்.

மருத்துவ நூலோரிடம் அக்கணக்கு உண்டு. அதனை வீட்டாரும் அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை 2025ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று நாடறியக் காட்டிவிட்டது. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் இருமல் ஏன் தங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

இருமல் தங்குவது ஏன்?

மூச்சுக்குழாயின் உட்சுவரில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் அடர்ந்துள்ளன. காற்றில் அசையும் நெற்பயிர் போல இவை அலையலையாக, நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை, ஒரே திசையில் அசைந்துகொண்டே இருக்கின்றன. மூச்சோடு உட்புகும் தூசும் கரியும் கிருமிகளும் சுவரின் மேலுள்ள மெல்லிய கோழைப் படலத்தில் ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அப்படலத்தைச் சிறிது சிறிதாக மேலே தள்ளித் தொண்டையில் சேர்த்துவிடுகின்றன. நாமும் அறியாமலே அதனை விழுங்கிவிடுகிறோம். பகலும் இரவும் ஓயாது நடைபெறும் துப்புரவுப் பணி இது.

வைரஸ் என்னும் நச்சுயிரி மார்பைத் தாக்கும்போது முதலில் அழிவது இந்நுண்மயிர்களைத் தாங்கிய மேற்படலமே. இன்புளூயன்சா, அடினோ வைரஸ், குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் ஆர்.எஸ்.வி. ஆகியவை இத்தொழிலில் வல்லவை. 2025 சனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் கண்டறியப்பட்டு, மக்களைப் பெரிதும் அச்சுறுத்திய எச்.எம்.பி.வி.யும் இவ்வகையைச் சார்ந்ததே. அதனைப் புதிய கிருமி என்று பலரும் கருதினர். உண்மையில் 2001ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து ஆய்வாளர் அதனை அடையாளங்கண்டுவிட்டனர். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது மக்களிடையே உலவி வந்துள்ளது.

உடலின் எதிர்ப்பாற்றல் சில நாள்களில் வைரசை வென்றுவிடுகிறது. காய்ச்சல் தணிகிறது, பசி திரும்புகிறது, குழந்தை சிரிக்கிறது. ஆனால் அழிந்த படலம் அன்றே முளைத்துவிடுவதில்லை. நுண்மயிர்கள் மீண்டும் வளர்ந்து, முன்போல ஒரே சீராக அசையத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். துப்புரவுப் பணியாளர் வாராத தெருவில் வீட்டுக்காரரே துடைப்பம் எடுப்பது போல, அந்த இடைக்காலத்தில் கோழையை வெளியேற்றும் பொறுப்பை இருமலே ஏற்றுக்கொள்கிறது. மேற்படலம் தேய்ந்த இடங்களில் நரம்பு முனைகளும் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. குளிர்காற்று, புகை, ஓட்டம், வாய்விட்ட சிரிப்பு ஆகிய எதுவும் அவற்றைத் தூண்டப் போதுமானது. குழந்தை ஓடினால் இருமுகிறது, சிரித்தால் இருமுகிறது என்று தாய்மார் கூறுவது இதனால்தான்.

இரவில் இருமல் மிகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. படுத்த நிலையில் மூக்குச் சளி தொண்டையின் பின்புறம் வழிகிறது. குழந்தைகளின் மூச்சுக்குழாய் இயல்பாகவே குறுகியது என்பதையும் மறத்தலாகாது. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் அதில் காற்று செல்வதற்கான தடை இரு மடங்காகும் என்று எண்ணுவோம். இயற்பியல் கணக்குப்படி அது பதினாறு மடங்காகும். பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்பாக முடியும் சிறு வீக்கம் இரண்டு வயதுக் குழந்தையை இரவெல்லாம் இருமச் செய்வது இக்கணக்கினாலேயே.

எத்தனை நாள்?

குழந்தைகளின் இருமல் எத்தனை நாள் நீடிக்கும் என்பது குறித்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. சளியோடு தொடங்கிய இருமல் பத்தாம் நாளில் பாதிக் குழந்தைகளுக்கே தீர்ந்திருந்தது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குத் தீர இருபத்தைந்து நாள் ஆயிற்று. எஞ்சிய ஒரு குழந்தை அதற்குப் பின்னும் இருமியது. ஆகவே மூன்றாம் வாரத்தில் இருமும் குழந்தை, வேறு குறி எதுவும் இல்லையெனில், இயல்பான வழியிலேயே நலம்பெற்று வருகிறது என்று கொள்ளலாம்.

இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. "மூணு மாசமா விடாம இருமுறான் டாக்டர்" என்று கூறும் தாய் பொய் கூறுவதில்லை. பள்ளிக்கோ மழலையர் காப்பகத்துக்கோ செல்லத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடித்தல் இயல்பே. அவற்றுள் பெரும்பாலானவை மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நெருங்கி வருவன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம் இருமலை விட்டுச் செல்லுமாயின், ஐப்பசியில் தொடங்கியது தை வரை நீள்வது போலவே தோன்றும். இடையில் இருமலே இல்லாத நாள்கள் நான்கைந்தாவது இருந்தனவா என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் வினா. இருந்தன என்றால் அது ஒரு நெடிய நோய் அன்று. அடுத்தடுத்து வந்த மூன்று சிறு நோய்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருமல் தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் குறித்து வைத்தால் இவ்வினாவுக்கு விடை எளிதில் கிட்டும்.

தமிழில் இருமலின் பெயர்கள்

தமிழ்த்துறை மலரில் இதனைச் சற்றே விரித்துரைப்பதில் தவறில்லை. நம் முன்னோர் இருமலை ஒரே சொல்லால் அடக்கிவிடவில்லை. ஒன்றும் வெளிவாராமல் வருவது வறட்டிருமல். விட்டுவிட்டுக் குத்துவது போல் வருவது குத்திருமல். கோழை கலந்து கறகறப்பது கோழை இருமல். மூச்சு இரையும்போது அதனை இரைப்பு என்றும் இளைப்பு என்றும் வழங்கினர். நாட்பட்ட கோழை நோயை ஈளை என்றனர். அடுக்கடுக்காக இருமி, இறுதியில் மூச்சை இழுத்துக் கூவும் நோய்க்குக் கக்குவான் என்று பெயரிட்டனர். காதால் கேட்டே இவற்றை வேறுபடுத்திய பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தனர்.

இன்றைய மருத்துவமும் இதே வேறுபாட்டைத்தான் நாடுகிறது. ஈரமான இருமலா, வறண்ட இருமலா? இரைப்பு உண்டா? அடுக்கிருமலின் முடிவில் கூவல் உண்டா? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் பெற்றோர் மருத்துவரின் பணியில் பாதியை முடித்துவிட்டனர் எனலாம். வெறுமனே "இருமல்" என்று மட்டும் கூறும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டமையால், எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி மருந்து என்னும் வழக்கமும் உடன் வந்துவிட்டது போலும்.

புட்டியில் வந்த நஞ்சு

2025 ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் ஆகிய நாள்களில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளியும் இருமலும் காய்ச்சலும் கண்ட குழந்தைகள் சிலர், மருந்து உட்கொண்ட சில நாள்களில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தினர். சிறுநீரகங்கள் செயலிழந்தன. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர். அவர்களுக்குத் தரப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் சிரப் நம் சென்னைக்கு அருகிலேயே, பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஓர் ஆலையில் ஆக்கப்பட்டதாகும். அக்டோபர்த் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் மாதிரியைச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருக்கக் கண்டனர். இருக்கலாம் என்று ஒப்பப்படும் உச்ச அளவோ 0.1 விழுக்காடு மட்டுமே. அம்மருந்தின் விற்பனை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது; ஆலையின் உரிமமும் அம்மாதத்திலேயே நீக்கப்பட்டது.

இந்நஞ்சு மருந்தில் கலப்பது எங்ஙனம்? நீரில் எளிதிற் கரையாத மருந்துகளைக் கரைத்து இனிப்புப் பாகாக்க கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற நீர்மங்கள் தேவை. மருந்துக்குரிய தூய நீர்மத்தின் விலை மிகுதி. தொழிற்சாலைகளில் வேறு பயன்களுக்காக ஆக்கப்படும் டைஎத்திலீன் கிளைக்கால் பார்வைக்கு அதனைப் போன்றதே, சுவையிலும் இனிப்பானது, விலையோ குறைவு. வாங்கும் ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அச்சோதனை தவறும் இடத்தில் நஞ்சு புகுந்துவிடுகிறது. குழந்தையின் நாவுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இது புதுக்கதையும் அன்று. 1937இல் அமெரிக்காவில் சல்பா மருந்தொன்றை இதே நீர்மத்தில் கரைத்து விற்றதனால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் மருந்துகளுக்கான புதிய சட்டம் பிறந்தது. நம் சென்னையிலும் 1970களின் தொடக்கத்தில் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் இந்நஞ்சு கலந்த மருந்தினால் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு இந்தியாவில் ஆக்கப்பட்ட இருமல் சிரப்புகள் தொடர்புபடுத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் விசாரணை நடைபெற்றது. ஒவ்வொரு முறையும் சில ஆண்டுகளில் மறதியும் வந்து சேர்ந்தது.

நஞ்சு கலவாத சிரப்பினால் பயன் உண்டா என்பது அடுத்த வினா. இருமல் சிரப்புகளில் பொதுவாக இருப்பவை ஒவ்வாமையை அடக்கும் மருந்து, மூக்கடைப்பை நீக்கும் மருந்து, இருமல் உணர்வை மழுங்கச் செய்யும் மருந்து ஆகியவற்றின் கலவைகளே. சிறு குழந்தைகளின் இருமலை இவை விரைவில் தீர்ப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மயக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அளவு மிகும்போது மூச்சுத் தளர்ச்சியும் இவற்றால் விளைவதுண்டு. கோல்ட்ரிஃபில் இருந்த குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்னும் இரண்டின் கூட்டினை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று புட்டியில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரிலேயே மருந்துக் கட்டுப்பாட்டாளர் ஆணையிட்டிருந்தார். சிந்த்வாரா நிகழ்ச்சிக்குப் பின், 2025 அக்டோபர் 3ஆம் நாள், இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் மேலும் தெளிவாக அறிவுறுத்தியது: இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவும் கொடுக்கவும் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவையல்ல.

இவ்வளவுக்குப் பின்னும் புட்டி விற்பனையாகிறது. குற்றம் முழுவதையும் கடைக்காரர் மீது சுமத்திவிட முடியாது. இரவு முழுதும் கண்விழித்த தாய், "இருமலோடு அனுப்பாதீர்கள்" என்று குழந்தையைத் திருப்பி அனுப்பும் பள்ளி, "ஒரு மருந்துகூட வாங்கித் தரவில்லையா?" என்று கேட்கும் மாமியார், "மருந்தே எழுதாமல் கட்டணம் வாங்கிக்கொண்டார்" என்று மருத்துவரைக் குறைகூறும் தந்தை. இத்தனை பேரும் சேர்ந்தே அப்புட்டியை வாங்குகின்றனர். ஒன்றும் வேண்டாம், பொறுத்திருங்கள் என்று விளக்கிக் கூறும் மருத்துவருக்கு, மருந்துச் சீட்டு எழுதுவதைவிட நேரம் கூடுதலாகச் செலவாகிறது. அவர் அந்நேரத்துக்கே கட்டணம் பெறுகிறார் என்று நாம் எண்ணப் பழகுதல் வேண்டும்.

எதிருயிரி மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டிபயாடிக் எனப்படும் இவை பாக்டீரியாவைக் கொல்வன; வைரசின் மீது இவற்றுக்கு ஆற்றல் இல்லை. வைரசே நீங்கிவிட்ட பின்னர் எஞ்சியுள்ள இருமலுக்கு இவை ஒன்றும் செய்யா. சென்ற முறை எழுதித் தந்ததில் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பது வயிற்றுப்போக்கில் முடிவதே பெரும்பான்மை.

வீட்டு மருந்துகள்

வீட்டிலேயே செய்யத்தக்கது எது என்னும் வினாவுக்கு முதல் விடை தேன். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், படுக்கைக்கு முன் ஒரு வேளை தேன் உண்ட குழந்தைகளின் இரவு இருமலே நன்கு தணிந்ததாகப் பெற்றோர் மதிப்பிட்டனர். ஒன்றும் தராமல் விடப்பட்ட குழந்தைகளைவிட அவர்கள் நன்கு உறங்கினர். அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை போதுமானது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. தேனில் உறங்கிக் கிடக்கும் ஒருவகைப் பாக்டீரியா விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தி மூச்சை முடக்கும் நஞ்சினைச் சுரக்கக்கூடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் சமய வேறுபாடின்றிப் பல குடும்பங்களில் உண்டு. சேனை வைத்தல் என்று அதனைக் கூறுவோரும் உளர். அன்பினால் பிறந்த வழக்கமே அது. எனினும் அதனைக் கைவிடுமாறு குடும்பத்துப் பெரியோர்தாம் முதலில் கூற வேண்டும். இளம் தாயின் சொல் அவ்விடத்தில் எடுபடுவதில்லை.

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் 1885 முதல் நடைபெற்று வரும் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, ஆடாதோடை ஆகியவற்றை வாங்கிச் செல்வோரை இன்றும் காணலாம். இவற்றை எள்ளி நகையாடுதல் அறிவுடைமை ஆகாது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கும் மருந்து 1960களில் ஐரோப்பாவில் உருவாக்கப்பட்டது. அம்புராக்சால் அதன் வழித்தோன்றல். மருந்துச் சீட்டில் இப்பெயர்களைக் காணும் பலர் அவற்றின் வேர் நம் வேலியோரச் செடி என்பதை அறியார். வளர்ந்த குழந்தைக்குப் பனங்கற்கண்டு சேர்த்த வெதுவெதுப்பான மிளகுப்பாலோ, கற்பூரவள்ளி, துளசி இட்ட இளஞ்சூட்டு நீரோ தொண்டைக்கு இதம் தரும். இதமே அதன் பயன். நுண்மயிர்களை அது முளைக்கச் செய்யாது. பெயரும் அளவும் அறியாத சூரணத்தைக் கைக்குழந்தைக்குக் குழைத்துக் கொடுத்தல் புட்டி மருந்துக்கு ஈடான இடரே.

வேறு சில வழக்கங்களை உறுதியாக விலக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுதல் அவற்றுள் முதலாவது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதனால் விளையும் ஒருவகை நிமோனியாவை நம் நாட்டு மருத்துவர்கள் பலமுறை கண்டு எழுதியுள்ளனர். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டே போதும். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கடியிலும் பூசுதலும் தகாது. கற்பூரம் உட்சென்றால் வலிப்பு வரும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனிய வைத்து ஆவி பிடித்தலால் இருமல் தீர்ந்ததைவிட வெந்நீர் கொட்டி வெந்த உடல்களே மிகுதி.

உணவைப் பொறுத்தவரை நம் வீடுகளில் தடைகளே அதிகம். வாழைப்பழம் ஆகாது, தயிர் ஆகாது, ஆரஞ்சு ஆகாது என்று விலக்கி, நோயால் மெலிந்த குழந்தையை மேலும் மெலியச் செய்கிறோம். இவற்றால் வைரஸ் இருமல் நீடிக்கும் என்பதற்குச் சான்றில்லை. நோய் நீங்கிய இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒருவேளை உணவைக் கூட்டித் தரலாம். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வெந்நீரில் குளிப்பாட்டுதலாலும் தீங்கில்லை.

புகை

ஆறிவரும் மூச்சுக்குழாய்க்குப் பெரும்பகை புகையே. மருந்தைத் தேடும் வீடுகள் இதனை நோக்குவதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் தலை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் மணக்கப் புகையிடுகிறோம். மழைக்காலக் கொசுவுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து, கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளை ஏற்றி வைக்கிறோம். தந்தை மாடிப்படியில் நின்று சிகரெட் புகைத்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்குகிறார். தீபாவளி வெடிப்புகையும் போகி நாளில் எரிக்கும் பழம்பொருள்களின் புகையும் இருமல் மிக்க இக்காலத்திலேயே வந்து சேர்கின்றன. பாண்டி பஜார், லஸ், அடையாறு வட்டாரங்களில் மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணியால் சில ஆண்டுகளாக எழுந்த தூசு வேறு. நகரத்தின் காற்றை ஒரு குடும்பம் மாற்றிவிட முடியாது. கொசுவத்திச் சுருளுக்கு மாற்றாகக் கொசுவலை கட்டலாம். சாம்பிராணியைக் குழந்தை இருமும் மாதத்தில் நிறுத்திவைக்கலாம். இரவிருமல் குறைவதற்கு இவ்விரண்டும் எந்தச் சிரப்பையும்விட உதவும் என்பது என் துணிபு.

பொறுத்திருக்கலாகாத இருமல்

இதுவரை கூறியன பொறுமைக்கு உரியன. பொறுத்தல் பிழையாகும் இடங்களும் உண்டு. அவற்றை ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது மூச்சின் விரைவு. குழந்தை உறங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை உயர்த்தி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை 60 முறையோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது நிமோனியாவாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், பால் குடிக்க இயலாமை, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கரகரத்த ஒலி ஆகியவற்றுள் ஒன்றேனும் தென்பட்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது. தணிந்த காய்ச்சல் சில நாள் கழித்து மீண்டும் எழுந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏதேனும் சிரப் உட்கொண்ட குழந்தை வாந்தியெடுத்து, அரை நாளுக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லையெனில் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சளியோ காய்ச்சலோ இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரெனப் புரையேறித் தொடங்கிய இருமல் வேறு வகையைச் சார்ந்தது. வேர்க்கடலையோ பொரிகடலையோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். சிறிது நேரத்தில் இருமல் அடங்கிவிட்டாலும் பொருள் உள்ளேயே தங்கியிருக்கும். வாரக்கணக்கில் ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டும்.

அடுக்கடுக்காக இருமி முகம் சிவந்து வாந்தியில் முடிவது கக்குவானாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் கூவல் ஒலி எழாமலே மூச்சு நின்று போவதும் உண்டு. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் இடும் தடுப்பூசி இதற்கானதே. ஒன்றரை வயதையொட்டியும் ஐந்து வயதிலும் போடும் ஊக்க ஊசிகளைப் பல வீட்டார் மறந்துவிடுகின்றனர். இரவிலும் விடியற்காலையிலும் இரைப்போடு மீண்டும் மீண்டும் வரும் இருமலும், குடும்பத்தில் ஆஸ்துமா இருப்பதும் சேர்ந்தால் இழுப்பு மருந்து தேவைப்படலாம். இழுப்பு மருந்து பழகிவிடும் என்னும் அச்சம் வீண். மருந்து நேரே நுரையீரலுக்குச் செல்வதால், வாய்வழி மருந்தைவிட மிகச் சிறிய அளவே அதில் போதுமானது.

ஈரமான இருமல் நான்கு வாரத்தைத் தாண்டினால் அதனை வைரசின் எச்சம் என்று விட்டுவிடலாகாது. மூச்சுக்குழாயில் பாக்டீரியா குடியேறியிருக்கக்கூடும். இங்கே எதிருயிரி மருந்து உண்மையிலேயே வேண்டும்.

காசநோயைப் பற்றி நம் குடும்பங்களில் வாய்திறந்து பேசுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தணிவின்றி நீடிக்கும் இருமலோடு விடாத காய்ச்சல், எடை ஏறாமை அல்லது குறைதல் ஆகியவை சேர்ந்தாலோ, வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தாலோ குழந்தையைச் சோதித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் குழந்தைக்கு இந்நோய் வீட்டுப் பெரியவரிடமிருந்தே வருகிறது. ஆண்டுக்கணக்கில் இருமும் பாட்டனாரின் இருமலுக்குப் "பழைய இருமல்" என்று பெயரிட்டு மதிப்போடு ஒதுக்கிவிடுகிறோம். நம் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், நோயாளியைத் தொலைவிலுள்ள நோயகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து மருந்தளித்தால் போதும் என்பதை 1959இலேயே உலகுக்கு மெய்ப்பித்தது. சோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. காய்ச்சல் நீங்கி, உண்டு விளையாடும் குழந்தை இருமலோடு வகுப்புக்கு வரலாம். மூன்று வாரம் வீட்டில் வைத்திருங்கள் என்று கூறினால், அப்பெற்றோர் நான்காம் நாளே இருமலை அடக்கும் புட்டியைத் தேடுவர். முழங்கை மடிப்பில் இருமக் கற்பித்தலும் கை கழுவச் செய்தலும் வகுப்பறையில் எளிதில் ஆகக்கூடியவை.

மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் சில குறிப்புகளை எழுதி எடுத்துச் செல்லலாம். இருமல் தொடங்கிய நாள், காய்ச்சல் நீங்கிய நாள், இரவில் எத்தனை முறை விழித்தது, சென்ற முறை பார்த்த எடை, இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர் ஆகியவை போதும். மருத்துவர் அறையில் நுழைந்ததும் குழந்தை இருமாமல் புன்னகை செய்யும். எல்லாப் பெற்றோரும் கண்ட அனுபவம் இது. ஆகவே நள்ளிரவில் இருமும்போது அதன் மார்பும் முகமும் தெரியுமாறு கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்துக்கொள்வது நலம்.